வாங்குமுன் வரையும் கோடு

புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கப் போகிறவர் விசாரிப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான்: கைக்கு அடக்கமாக இருக்குமா, எத்தனை வருஷம் உழைக்கும், மாதாமாதம் ரீசார்ஜுக்கு எவ்வளவு ஆகும். மூன்றையும் கணக்கு வழக்காகவே எடுத்துக்கொள்கிறோம். நாலு கடை ஏறி இறங்கி, தெரிந்தவர்களிடம் கேட்டு, ஒரு முடிவுக்கு வருகிறோம். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எனக்கு எவ்வளவு போதும்? இதற்கு எந்த விற்பனையாளராலும் விடை சொல்ல முடியாது. சொல்வதும் அவர் வேலை இல்லை. மனிதன் பொருளோடு எந்த அளவுக்கு உறவு வைத்துக்கொள்ளலாம் என்று சமயங்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. ‘போதும்’ என்பதைப் பொருளைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்ய முடியாது, பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை எப்படிச் செய்வது என்பதற்குச் சமண சமயம் இல்லறத்தாருக்கு வகுத்துத் தந்த நோன்புகளைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சமணத் துறவி எதையும் உடைமையாகக் கொள்வதில்லை. இல்லறத்தாரிடம் அந்த அறம் அதைக் கேட்கவும் இல்லை. அவர்களுக்கு வகுத்த ஐந்து அணுவிரதங்களில் கடைசியானது பொருள் வரைதல். நிலம், வீடு, தானியம், பொன் என்று எது எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று அவரவரே ஓர் எல்லை கட்டி, அதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது. இதற்குத் துணையாக, குணவிரதங்கள் எனப்படும் நோன்புகளில் ஒன்று, நுகரும் பொருள்களுக்கு அளவு வைக்கச் சொல்கிறது. சமண ஆசிரியர் சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் இதை விரிவாகப் பேசுகிறது. அதன் வழியில் தமிழில் குறள் வெண்பாக்களால் அமைந்த நூல் அருங்கலச்செப்பு. உணவு, வாகனம், படுக்கை, குளியல், பூ, வெற்றிலை, உடை, அணிகலன், இசை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இன்றைக்கு, ஒரு பகலுக்கு, ஓர் இரவுக்கு, அரை மாதத்துக்கு, ஒரு மாதத்துக்கு, ஆறு மாதத்துக்கு என்று கால வரம்போடு எல்லை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் சமந்தபத்திரர். விரும்பினால் ஆயுள் முழுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். இந்த முறையில் மூன்று சிறப்புகள் உண்டு. எல்லையை வகுப்பது நோன்பு எடுப்பவரே. அது பொத்தாம்பொதுவான உறுதிமொழியாக நின்றுவிடாமல் பொருள் பொருளாக எண்ணிச் சொல்லப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசை எழுந்த பிறகு அதோடு மல்லுக்கட்டாமல், ஆசை எழுமுன்பே வகுக்கப்படுகிறது.

சமந்தபத்திரரின் நூல் காட்டும் பகுப்பு ஒன்று நம் போன் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துபோகும் பொருள்கள் ஒரு வகை. உணவு அதற்கு எடுத்துக்காட்டு. மறுபடி மறுபடி எடுத்துப் பயன்படுத்துபவை இன்னொரு வகை. உடை அதில் சேரும். இரண்டுக்கும் தனித்தனியே அளவு வைக்க வேண்டும். போன் இரண்டாம் வகை. அதில் போடும் டேட்டா முதல் வகை. வாங்கும்போது நம் கவனமெல்லாம் போனின் விலையிலேயே நிற்கிறது. 28 நாளுக்கு 299 ரூபாய் என்று ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 299 என்று மனம் கணக்குப் போடும். வருஷத்துக்கு 12 மாதம். ஆனால் 28 நாள் வேலிடிட்டியில் 13 ரீசார்ஜ் செய்தால்தான் 364 நாள் ஓடும். ஆக வருஷத்துக்கு 3,887 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 19,435 ரூபாய். 15,000 ரூபாய் போனுக்காக நாலு நாள் யோசித்தவர், அதைவிடப் பெரிய இந்தச் செலவை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறார். 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. டேட்டா தேவைப்படாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி செய்தது. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் இந்த விதிகளால் பயன். தெரியாதவர், நாளுக்கு ஒன்றரை ஜிபி கொடுக்கிறார்கள், வீணாகப் போய்விடக் கூடாதே என்று இரவு பன்னிரண்டு மணிவரை வீடியோ பார்த்துத் தீர்க்கிறார். அங்கே எல்லை இல்லாமல் இல்லை. நிறுவனம் போட்ட எல்லை இருக்கிறது. மனிதர் அதை எட்டிப் பிடிக்க ஓடுகிறார்.

அளவு விஷயத்திலும் இதே கதைதான். 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2011இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத் திரையோடு வந்தபோது, இவ்வளவு பெரியதைக் காதில் வைத்துப் பேசுவதா என்று பலர் வியந்தார்கள். இன்று ஆறரை அங்குலம் சாதாரணம். ஆப்பிள் 2020இலும் 2021இலும் 5.4 அங்குலத்தில் மினி போன்களைக் கொண்டுவந்தது. 2022இல் வந்த வரிசையில் மினி இல்லை. சிறியது வேண்டும் என்பவருக்குக் கடையில் இன்று தேர்வு மிகக் குறைவு. போனை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலை மேல்மூலைக்கு நீட்டிப் பாருங்கள். விரல் எட்டாது, எட்ட வைக்க முயன்றால் போன் பிடியிலிருந்து நழுவும். பெரிய திரை தரும் முதல் விளைவு இது: இரண்டு கையும் அதற்கே வேண்டும், ஆகவே கண்ணும் மனமும் சேர்ந்து அதற்கே போகும். அப்படியென்றால் சிறியதுதான் அறம், பெரியது பாவம் என்று சொல்லலாமா? கூடாது. கண்புரை அறுவை செய்துகொண்ட பாட்டிக்குப் பெரிய எழுத்து வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் படிக்கும் மாணவிக்குப் போன்தான் பாடப்புத்தகம். இல்லறத்தாரின் நோன்பு எல்லாருக்கும் ஒரே அளவை விதிப்பதில்லை என்பதன் அருமை இங்கேதான் புரிகிறது. வணிகருக்கும் உழவருக்கும் எல்லை வேறு வேறாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் எல்லை என்று ஒன்று இருக்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

உழைப்பு, அதாவது போன் எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் மூன்றிலும் கனமான கேள்வி. இதைச் சிக்கனக் கேள்வியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சமண அறம் இதைக் கொல்லாமையோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. குணவிரதங்களில் மற்றொன்று, பயனில்லாமல் தீங்கு செய்வதை விலக்குவது. வாழ்க்கை நடத்த வேண்டுமானால் இல்லறத்தார் ஏதோ ஒரு தீங்கைச் செய்யத்தான் வேண்டியிருக்கும் என்று அந்த அறம் ஒப்புக்கொள்கிறது. அது மன்னிக்காதது, எந்தப் பயனும் இல்லாமல் செய்யும் தீங்கை. காரணமின்றி நிலத்தைத் தோண்டுவது, தண்ணீரைப் பாழாக்குவது, தீ மூட்டுவது, செடிகொடிகளை வெட்டுவது ஆகியவற்றைச் சமந்தபத்திரர் இதில் சேர்க்கிறார். போன் ஒன்று உருவாகும் வழியைப் பார்த்தால் இந்தப் பட்டியல் ஏறக்குறைய முழுதும் அதில் இருக்கிறது. பேட்டரியில் சேரும் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் சிறுவர்களும் வேலை செய்வதை அம்னெஸ்டி இண்டர்நேஷனல் 2016இல் ஆவணப்படுத்தியது. ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன் தயாரிப்பிலேயே நேர்ந்துவிடுகிறது என்று தயாரிப்பாளர்களின் அறிக்கைகளே சொல்கின்றன. நாம் சார்ஜ் போடும் மின்சாரம் அதற்கு முன் சிறு பங்கு. மறுமுனையில், 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை.

இப்போது கணக்கு எளிது. தோண்டிய மண்ணும் எரித்த எரிபொருளும் போன் கைக்கு வந்த அன்றே செலவாகிவிட்டன. அந்தத் தீங்கை இனி யாராலும் திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பயன் உண்டாக்குவது மட்டுமே நம்மால் ஆகும். பயன் என்பது ஆண்டுகள்தான். ஆறு வருஷம் ஓடிய போன் தனக்காக நேர்ந்த தீங்குக்கு ஆறு வருஷப் பயனைத் தந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் வருஷம் தூக்கிப் போட்ட போன், மீதி நாலு வருஷத்துக்கான தீங்கைப் பயனற்றதாக்கிவிட்டது. ஆகவே தண்ணீர் புகாத தரம், கண்ணாடியின் உறுதி, பேட்டரியை மாற்றும் வசதி, மென்பொருள் அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்ற உறுதி ஆகியவற்றைக் கேட்பது அறத்தைக் கேட்பதே. சார்ஜ் நிற்கவில்லை என்று கொண்டுபோனால் பேட்டரியை மாற்றித் தரும் சர்வீஸ் கடைக்காரர், தன்னை அப்படி நினைத்துக்கொள்ளாவிட்டாலும், பயனில்லாத தீங்கைத் தடுக்கிறார்.

நோன்பு கெடும் வழிகளையும் சமந்தபத்திரரின் நூல் பட்டியலிடுகிறது. பொருள் வரைதலில் நேரும் மீறல்களில் ஒன்று, பிறருடைய உடைமையைக் கண்டு அளவுகடந்து வியப்பது. நுகர்வுக்கு அளவு வைத்தவர் செய்யும் மீறல்களில் ஒன்று, இனி வரப்போகும் இன்பத்துக்காக மிகுதியாக ஏங்குவது. பொருளை வாங்கினால்தான் தவறு என்று அது சொல்லவில்லை. வியப்பதையும் ஏங்குவதையுமே மீறலாக எண்ணுகிறது. இது அளவுக்கு மீறிய கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் போன் சந்தை எதை நம்பி நடக்கிறது என்று பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். ஒவ்வொரு வருஷமும் ஒரு மாடல் வருகிறது. வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் கேமரா இப்படி, நிறம் இப்படி என்று செய்திகள் வரத் தொடங்கும். கையில் இருக்கும் போன் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் வைத்திருப்பவர் மனத்தில் அது ஏற்கெனவே பழசாகிவிட்டது. விற்பனைக்கு முன்பே ஏக்கத்தை உண்டாக்குவதுதான் இங்கே முதலீடு. வாங்கும் அந்த ஒரு நொடியில் மனத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர், ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் இறங்குகிறார். வட்டியில்லாத் தவணை என்று சொல்லும்போது, அடுத்த வருஷச் சம்பளத்துக்கும் இன்றைக்கே செலவு எழுதியாகிவிடுகிறது. வாங்குமுன்பே எல்லை வகுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு; அவை எளிதானவை அல்ல. முதலாவது, எல்லை வைப்பது வசதி உள்ளவர் பேசும் பேச்சு, ஏழைக்கு எல்லையை வறுமையே போட்டுவிடுகிறது என்பது. உண்மைதான். ரேஷன் கடை ஓடிபி, வங்கிக் கணக்கு, பிள்ளையின் வாட்ஸாப் வகுப்புக் குழு என்று எல்லாம் போனுக்குள் வந்துவிட்ட நாட்டில் போனை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தவறான போன் தேர்வால் அதிகம் அடிபடுபவரும் ஏழைதான். குறைந்த விலை என்று வாங்கிய போன் இரண்டாம் வருஷம் முடங்கினால், மறுபடியும் வாங்கப் பணம் தேடுவது அவருக்குத்தான் கடினம். தேவைக்கு மேலான டேட்டாத் திட்டத்தில் போகும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கூலியிலிருந்தே போகிறது. இன்னொருவர் போட்ட எல்லையைச் சுமப்பதற்கும், தனக்கு எது வேண்டும் என்று தானே தெளிந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாடு ஏழைக்கே அதிகம் உதவும். கடன் வாங்கிப் பகட்டாக வாங்கச் சொல்லும் ஊர்ப்பேச்சை எதிர்கொள்ளவும் அந்தத் தெளிவுதான் துணை.

இரண்டாவது மறுப்பு: போனை நீண்டநாள் வைத்துக்கொள்வது நம் கையில் இல்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் வங்கிச் செயலி ஓடாமல் போகலாம், உதிரிபாகம் கிடைக்காமல் போகலாம், தனி மனிதரின் நோன்பு நிறுவனத்தின் வியாபார முடிவுக்கு முன் என்ன செய்யும்? நோன்பு மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவாவது தாங்க வேண்டும் என்கின்றன. ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் 7 ஆண்டு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்கின்றன. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. கட்டாயச் சட்டம் இன்னும் வேண்டும். ஆனால் இத்தகைய சட்டம் எங்கிருந்து பிறக்கிறது? நீண்டநாள் உழைக்கும் பொருள் வேண்டும் என்று நினைப்பவர்கள் போதிய அளவில் இருக்கும்போதுதான். கூகுள் 2023இலும் சாம்சங் 2024இலும் தங்கள் உயர்விலை போன்கள் சிலவற்றுக்கு 7 ஆண்டு அப்டேட் உறுதி கொடுத்தன. அந்த உறுதியைப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளர் இல்லையென்றால் அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். நோன்பும் சட்டமும் எதிரெதிர் வழிகள் இல்லை. முதலாவது பரவினால் இரண்டாவதற்குக் கேட்கும் குரல் கூடுகிறது.

மூன்றாவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் போன்களை ஒன்றுசேர்த்துப் பிழைக்கிறார்கள். எல்லாரும் போனை ஆறு வருஷம் வைத்துக்கொண்டால் அவர்கள் வேலை என்னாவது? பிறர் வயிற்றில் அடிக்கும் அறம் அறமாகாது என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நம் அவசர நுகர்வு அவர்கள் பிழைப்புக்கு நிலையான அரண் இல்லை. அங்கே நோக்கியா 2006இல் தொடங்கிய ஆலை 2014இல் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் போன் வாங்குபவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றபோது, அந்தப் பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. விற்பனை உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. சுமக்கும் உயிர்மீது அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதையும் பொருள் வரைதலின் மீறல்களில் ஒன்றாகச் சமந்தபத்திரர் சேர்த்திருக்கிறார். விலங்குகளை மனத்தில் வைத்துச் சொன்னது அது. ஆனால் நோன்பின் நோக்கம் என் வீட்டுப் பெட்டியை மட்டும் அளப்பது இல்லை, அந்தப் பெட்டி நிறைவதற்காக யார் முதுகு வளைகிறது என்று பார்ப்பதும்தான். போன்கள் நீண்டநாள் உழைத்தால் பழுதுபார்க்கவும் பேட்டரி மாற்றவும் புதுப்பித்து விற்கவும் கைகள் வேண்டும். அந்த வேலைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். ஒரு நிறுவனம் கிளம்பிப் போனால் கூடவே போய்விடாது. மாற்றம் ஒரே நாளில் நேராது என்பதால் அதற்கு வழி செய்யவும் நேரம் உண்டு.

வீடுபேற்றை நோக்கிய ஒரு நெறியைக் கொண்டுவந்து கடைச் சரக்கோடு சேர்ப்பது அந்த நெறியைச் சிறுமைப்படுத்தாதா என்று சமய ஈடுபாடு உள்ளவர்கள் கேட்கலாம். துறவிக்குரிய நெறியைக் கொண்டுவந்திருந்தால் அது நியாயமான கேள்வி. ஆனால் இது இல்லறத்தாருக்குரியது. வெற்றிலையையும் படுக்கையையும் பெயர் சொல்லி எண்ணிய நோன்பு, இன்று எழுதப்பட்டிருந்தால் போனை விட்டிருக்காது. இன்றும் சமயக் குழுக்கள் சில இதைச் செய்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் பகுதியின் ஆமிஷ் கிறித்தவர்களில் பழைய ஒழுங்கைப் பின்பற்றுவோர் பலர், தொலைபேசியை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே ஒரு சிறு கொட்டகையில் வைக்கிறார்கள். அவசரத்துக்குப் பேசலாம், ஆனால் குடும்பம் கூடியிருக்கும் அறைக்குள் அது வராது. அந்த முடிவை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஒரு கருவி நம் வாழ்வில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவெடுக்க முடியும் என்பதை அவர்கள் செய்துகாட்டுகிறார்கள். ஆமிஷ் முறைக்கும் இல்லறச் சமணர் முறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே எல்லையை ஊர் வகுக்கிறது, இங்கே அவரவர் வகுத்துக்கொள்கிறார். தனித்தனியாக ரீசார்ஜ் செய்யும் நம் காலத்துக்கு இரண்டாவது முறையே பொருந்தும்.

ஆகவே கடைக்குப் போவதற்குச் சில நாள் முன்பே, புது மாடல்களைப் பார்ப்பதற்கு முன்பே, மூன்று வரிகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். எந்த வேலைக்காக, எவ்வளவு பெரிய திரை வேண்டும். எத்தனை வருஷம் இதை மாற்றாமல் வைத்திருப்பேன்; அதற்கு அப்டேட்டும் உதிரிபாகமும் கிடைக்கும் போன் எது. வருஷம் முழுவதற்கும் ரீசார்ஜுக்கு எவ்வளவு. அதில் எனக்கு உண்மையில் தேவைப்படும் டேட்டா எவ்வளவு. காலவரம்பையும் எழுத வேண்டும், ஏனென்றால் வரம்பில்லாத உறுதி முதல் சபலத்திலேயே உடையும். முடியும் நாள் தெரிந்த உறுதியைக் காப்பது எளிது. வரம்பு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, தேவை மாறியிருந்தால் மாற்றி எழுதலாம். கண் மங்கினால் திரை பெரிதாகலாம். வேலை மாறினால் திட்டம் மாறலாம். ‘போதும்’ என்ற சொல்லைச் சந்தை ஒருநாளும் நமக்காகச் சொல்லாது. அதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது என்பதும், தள்ளுபடிப் பலகையின் எதிரில் நிற்கும்போது அதைச் சொல்லும் வலிமை திடீரென்று வந்துவிடாது என்பதும்தான் அந்தப் பழைய நோன்பு இன்றைய வாடிக்கையாளருக்குத் தரும் பாடம். அப்படி எல்லை கட்டிக்கொண்டு வாங்கியவர் அடுத்த மாடல் வந்த செய்தியைப் படிப்பார். படித்துவிட்டு, கையில் இருக்கும் போனால் தன் வேலையைத் தொடர்வார். சமணம் இல்லறத்தாருக்குத் தர நினைத்த விடுதலையில் இதுவும் ஒரு பங்கு.